இடது பாக்கெட்

கண்ணாடி மூடி மூடவில்லை. மூன்றாவது முறையும் அவருடைய இடது முழங்கையில் முட்டிக்கொண்டு நின்றது.

குளிர்பெட்டி கொண்டுவந்தவன் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி, கையை உள்ளே எடுக்கச் சொன்னான். பெரியவன் அப்பாவின் முன்கையைப் பிடித்து இழுத்தான். லாரியில் மூட்டை ஏற்றும் கை அவனுடையது. அதற்கே அப்பாவின் கை அசைந்துகொடுக்கவில்லை. மணிக்கட்டு வரை பேண்ட் பாக்கெட்டுக்குள் போய், அங்கேயே விறைத்துவிட்டிருந்தது. இழுத்தால் ஆளே புரண்டு வந்தார்.

"ஒடிச்சுடாதடா" என்றாள் அம்மா.

எதிர்வீட்டுத் தையல்காரர் கத்தரிக்கோலோடு வந்து பெரியவனை விலக்கினார்.

"நகரு. நான் தைச்ச பாக்கெட், நானே பிரிக்கிறேன். ஊருக்கெல்லாம் ஒத்தைத் துணி, உங்கப்பாவுக்கு மட்டும் ரெட்டைத் துணி. அதையும் சல்லடை ஆக்கிக் கொண்டாந்துடுவாரு. இது பாக்கெட்டாய்யா இரும்புக்கடையாம்பேன். சிரிச்சுக்கிட்டே நிப்பாரு மனுசன்."

பேசிக்கொண்டே தையலைப் பிரித்தார். கை வெளியே வந்தது. கிழிந்த பாக்கெட்டுக்குள் பழக்கதோஷத்தில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தவர், "இன்னிக்குத்தான் காலியா இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்தார்.

சின்னவள் தலைமாட்டில் நின்றிருந்தாள். அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. அப்போது அதை அவள் எடுத்துப் பார்க்கவில்லை. விடியற்காலையிலிருந்து அந்தக் கையைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள், தொடாமல்.

அப்பா ஆலையில் பம்ப் ஆபரேட்டர். வேலை முடிந்து வந்தால் பின்னறைதான். ரேடியோ செட்டுகளை அவரே கட்டுவார். கேட்கவும் பேசவும் ஆகிற செட்டுகள். பழைய வால்வு, பிஸ்கட் டப்பாத் தகரம், உடைந்த டிவியின் உள்ளுறுப்பு என்று எதெதையோ சேர்த்து முடுக்கி, இவரைப் போலவே வேறு ஊர்களில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆட்களோடு பேசுவார். கடையில் வாங்கிய செட்டில் பேசுவது, ஓட்டலில் வாங்கிவந்து சொந்தச் சமையல் என்று பரிமாறுவதைப் போல என்பார். எந்தப் பெட்டியையும் முடிந்தது என்று அவர் சொன்னதே இல்லை. ஒரு மாதம் நன்றாகப் பேசினால் மறுமாதம் பிரித்துப் போட்டுவிடுவார். வீட்டில் எந்நேரமும் அந்த இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். தெருவில் அவருக்குப் பெயரே இரைச்சல்.

பிள்ளைகள் இருவருக்கும் பேச்சு வந்த நாளிலிருந்து ஒரு சட்டம் சொல்லிக்கொடுத்திருந்தார். கரண்ட் இருக்கிற பெட்டியில் கை வைத்தால் ஒரு கைதான் வைக்கணும், இன்னொரு கை பாக்கெட்டுக்குள் இருக்கணும். இரண்டு கையும் வெளியே இருந்தால், ஒரு கையில் ஏறிய கரண்ட் நெஞ்சைத் தாண்டித்தான் மறு கைக்குப் போகும். இதைச் சத்தம்போட்டுத்தான் சொல்வார். சமையலறை வரை கேட்கும்.

பெரியவனுக்கு அது ஏறவில்லை, மூட்டை தூக்கப் போனான். சின்னவளுக்கு ஏறியது. மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். செம்புக் கம்பி அறுத்த தழும்பும் வார்னிஷ் வாடையும் அவள் கையைவிட்டுப் போவதில்லை. அப்பாவுக்கு வேண்டிய டிரான்ஸ்பார்மர்களை எல்லாம் அவள்தான் சுற்றிக்கொடுத்தாள்.

கடைசியாகக் கொடுத்தது போன வாரம். செட்டின் குரல் இன்னும் தூரம் போகவேண்டும், வோல்டேஜைக் கூட்டணும் என்றார். இரும்புச் சட்டம் பழையதேதான். வோல்டேஜைக் கூட்டினால் சுற்றும் கூடும், சுற்றுக்கு இடம் வேண்டும். கரண்ட் வரும் சுற்றுக்கும் மேல்சுற்றுக்கும் நடுவே, கரண்ட் தாவாமல் இருக்க, அவள் எப்போதும் இரண்டு அடுக்குத் தாள் வைப்பாள். இந்தமுறை ஒன்று வைத்தாள். அப்படித்தான் அடங்கியது. அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்படிடி எல்லாத்தையும் இதுக்குள்ள அடக்கினே?" என்று கேட்டார். கைப்பழக்கம் என்றாள். தாளைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் முகத்தில் இருந்த அந்த வியப்பு போயிருக்கும்.

விடியற்காலை அண்ணன் போன் செய்து, அப்பா பின்னறையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்றபோது அவளுக்கு முதலில் அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது. அப்பா அதற்குப் பிறகுதான் நினைவில் வந்தார்.

வந்து பார்த்தபோது இடது கை பாக்கெட்டில் இருந்தது. பாக்கெட்டில் இருந்தால் நெஞ்சைத் தாண்டியிருக்காது. டாக்டரும் வந்து பார்த்துவிட்டு நெஞ்சுவலி என்று எழுதிக்கொடுத்துவிட்டார். நம்பவேண்டும் என்று இருந்தது. நம்பினாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மூடி ஒருவழியாக மூடியது. பிளக்கைச் செருகினார்கள். பெட்டியில் விளக்கு வரவில்லை. பெரியவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"மெயின் இறக்கியிருக்கு. யாரும்மா இறக்கினது?"

"கரண்ட் போயிருந்துது" என்றாள் அம்மா.

"நம்ம தெருவுலயா?" என்றார் தையல்காரர். "வெள்ளனவே மிஷின்ல உக்காந்துட்டேனே, போகலியே."

அம்மா கண்ணாடிமேல் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

பெரியவன் மெயினைத் தூக்கினான். குளிர்பெட்டி உறுமியது. மின்விசிறி சுற்றத் தொடங்கியது. எல்லோரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சற்று நிமிர்ந்தார்கள். அப்போது பின்னறையிலிருந்து அது வந்தது. வால்வு சூடேற ஏற, முதலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், பிறகு தூரத்தில் மழை பெய்வதைப் போல, பிறகு வீடு முழுக்க. அணைக்காமல் விட்ட செட்டு. சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்ணொருத்தி எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். அந்த இரைச்சல் இருந்தால் அவர் உள்ளே இருக்கிறார் என்றுதான் இத்தனை வருடமும் தெருவுக்கு அர்த்தம்.

அணைத்துவிட்டு வருகிறேன் என்று பெரியவன் எழுந்தான்.

"கை வைக்காதடா."

காலையிலிருந்து அம்மா குரல் அந்த அளவுக்கு ஏறவில்லை. பெரியவன் நின்றுவிட்டான்.

"அப்ப மெயினையே இறக்கிடட்டுமா?"

பெட்டிக்காரன், அரைமணி நேரம் கரண்ட் இல்லாவிட்டாலும் உடம்பு தாங்காது என்றான். அம்மா பின்னறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடச் சொன்னாள். யாரும் உள்ளே போகக்கூடாது என்றாள். பெரியவன் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து, நாளைக்கே எல்லாவற்றையும் லாரியில் அள்ளிக் காயலான்கடையில் கொட்டிவிடுவதாகச் சொன்னான். கொட்டிடு என்றாள் அம்மா. கதவுக்கு அடியில் இரைச்சல் வழிந்துகொண்டே இருந்தது.

கண்ணாடிக்குள் அப்பாவின் இடது உள்ளங்கையில் வெள்ளைக் கைக்குட்டை ஒன்று கட்டியிருந்தது. மூடியை மூடுவதற்குள் அம்மா கட்டிவிட்டது. யாரோ கேட்டதற்கு, விரல் கோணலாக நிற்கிறது, பார்க்க நன்றாக இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

யாருக்கோ தண்ணீர் வேண்டும் என்றார்கள். சின்னவள் சமையலறைக்குப் போனாள். கழுவிய டம்ளர்கள் தீர்ந்துபோயிருந்தன. அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒன்று தெரிந்தது, எட்டி எடுத்தாள். கனத்தது. உள்ளே கலகலத்தது.

திருகாணிகள். ஈயக் கம்பியின் வெட்டுத் துண்டுகள். கறுப்பு வளையம் இரண்டு. கால் மடங்கிய கண்டென்சர் ஒன்று. ஒரு பீடிக் கட்டு நூல்.

அப்பாவின் இடது பாக்கெட்.

துணி துவைக்கும்போது அம்மா இவற்றைத் திட்டித் திட்டித் துவைக்கிற கல்மேல் கொட்டுவாள். சமையலறைக்குள் ஒருநாளும் கொண்டுவந்ததில்லை. இவ்வளவும் உள்ளே இருந்தால் அந்தப் பாக்கெட்டில் கை போகாது. முதலில் காலி பண்ணியாக வேண்டும்.

வேலை பார்க்கும்போது அப்பா ஒருநாளும் பாக்கெட்டில் கை விட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. சட்டம் சொல்வார், பாக்கெட் என்றுதான் சொல்வார். அவர் பாக்கெட்தான் நிறைந்து கிடக்குமே. இடது கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டையின் பின்நுனியைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வார். அப்படியே ஒற்றைக் கையால் மணிக்கணக்கில் வேலை பார்ப்பார். புதுச்சட்டை போட்டாலும் பின்பக்கம் மட்டும் மாடு மென்று துப்பியதைப் போல இருக்கும். அம்மா அதற்கும் திட்டுவாள். ஏன் கசங்குகிறது என்று அவளுக்குத் தெரியாது. அந்த அறைக்குள் அவள் காலெடுத்து வைத்ததில்லை. சொன்னது காதில் விழுந்திருக்கிறது. செய்தது கண்ணில் பட்டதில்லை. பாக்கெட் என்று கேட்டவள் பாக்கெட்டுக்குள்ளேயே கையை வைத்துவிட்டாள்.

கூடத்தில் சட்டென்று பேச்சு அடங்கியது.

தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் ஓர் ஆண்குரல், இரைச்சலைக் கிழித்துக்கொண்டு, எழுத்தும் எண்ணுமாக அப்பாவின் ரேடியோப் பெயரைச் சொன்னது. இருமுறை சொன்னது. பிறகு கூப்பிட்டது.

"சம்பந்தி... சம்பந்தி... இருக்கீங்களா?"

தையல்காரர் எழுந்து நின்றுவிட்டார். சின்னவளுக்கு அந்தக் குரல் தெரியும். அப்பாவும் அவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. சின்னவள் சுற்றிய காயில் ஒன்றை அப்பா தபாலில் அனுப்ப, அவர் அதைத் தன் செட்டில் வைத்துக் கட்டிக்கொண்டார். அதிலிருந்து சம்பந்தி.

டம்ளரை மேடைமேல் வைத்துவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்து உள்ளே போனாள். அம்மா கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

பெட்டி மேசையில் கோணலாக முன்னால் இழுத்து வைக்கப்பட்டிருந்தது. முக்காலி தள்ளிக் கிடந்தது. தண்ணீர்க் குழாயில் கட்டி உள்ளே இழுத்திருந்த தடித்த எர்த் கம்பி பெட்டியில் மாட்டப்படாமல் தரையில் கிடந்தது. அதன் முனை புதிதாகச் சுரண்டி மினுக்கியிருந்தது.

"காலைல பேச்சு பாதியிலயே நின்னுபோச்சே சம்பந்தி. பெட்டியை இழுத்ததுல எர்த்து கழண்டுபோச்சு, மாட்டிட்டு வரேன்னீங்க. நானும் காத்துக் காத்துப் பாத்தேன், ஆளக் காணோம்."

அணைத்துவிட்டு மாட்டியிருக்க வேண்டும். அணைக்க மாட்டார். எதிரில் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது செட்டை அணைப்பது, பேசுகிறவர் முகத்தில் கதவைச் சாத்துவது என்பார். கம்பியை மாட்ட இரண்டு கையும் வேண்டும், ஒன்று பெட்டியில், ஒன்று கம்பியில்.

சின்னவள் காலில் ரப்பர் செருப்பு இருந்தது. இடது கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டை நுனியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். வலது கையைத் திருப்பி, நடுவிரலின் பின்பக்கத்தைத் தகரத்தில் வைத்தாள். கரண்ட் கையை மூடும். பின்பக்கத்தால் தொட்டால் மூடும் கை தானே விலகிவிடும். அதுவும் அவர் சொன்னதுதான்.

எறும்பு ஊர்ந்தது. விரலில் தொடங்கி மணிக்கட்டு வரை.

எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். மறுபடியும் ஊர்ந்தது, அந்த ஒற்றைத் தாளைத் தாண்டி.

"புது டிரான்ஸ்பார்மர் போட்டதுலருந்து உங்க குரல் பக்கத்துவீட்டுல பேசுறாப்புல இருக்கு. நெசமாத்தான் சொல்றேன். பொண்ணுகிட்டச் சொல்லுங்க. எனக்கும் ஒண்ணு சுத்தித் தரணும்னு..."

மைக் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. அதுவும் இரும்புதான். அவள் குனிந்து, சுவரிலிருந்த பிளக்கை வலது கையால் பிடுங்கினாள்.

பிடுங்கிய பிறகும் பெட்டி பேசியது. உள்ளே தேங்கியிருந்த கரண்ட் தீரும் வரை அது அப்படித்தான். "...இருக்கீங்களா சம்பந்தி... சம்பந்தி..." என்று குரல் அதே ஆளாகவே தூரம் போய்க்கொண்டிருந்தது. சின்னவள் கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில் இரைச்சலும் போனது. அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதில்லை. கூடத்தில் குளிர்பெட்டி உறுமுவது இங்கே வரை கேட்டது.

வாசற்படியில் அம்மா நின்றிருந்தாள். கையில் டம்ளர்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா. அணைச்சேன்."

"பெட்டியில ஒண்ணும் இல்லல்ல?"

"ஒண்ணும் இல்ல."

"அதான் டாக்டரே சொல்லிட்டாரே."

"ஆமாம்மா."

அம்மா முதன்முறையாக அந்த அறைக்குள் காலெடுத்து வைத்தாள். மேசையைப் பார்க்கவில்லை, தரையில் கிடந்த கம்பியைப் பார்க்கவில்லை. மகளுக்குப் பக்கவாட்டில் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சின்னவளின் இடது கை இன்னும் பின்னால்தான் இருந்தது. சட்டை நுனி அந்தப் பிடிக்குள் கொத்தாகக் கசங்கியிருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் அவள் திட்டித் துவைத்த அதே கசங்கல்.

"இதை எங்க வைக்க?" என்று டம்ளரை நீட்டினாள்.

சின்னவள் பின்னாலிருந்து இடது கையை எடுத்து நீட்டினாள். அம்மா டம்ளரை அதில் கவிழ்க்கவில்லை. மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, மகளின் முதுகுப்பக்கம் வந்து, கசங்கிக் கிடந்த துணியை உள்ளங்கையால் கீழ்நோக்கி நீவிவிட்டாள். அது நேராகவில்லை. மறுபடி நீவினாள்.