உடம்புச் சூடு

குல்ஷன் சட்டிக்குள்ளிருந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். முப்பத்தாறரை. சட்டித் தண்ணீரில் நின்ற கண்ணாடிக் குழாய்க்குள், தலைமுடி கனத்தில் ஒரு பாலிமர் நூல் மருந்தைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. முப்பத்தாறுக்குக் கீழே போனால் ஏழு நாள் சோதனையும் வீண். பதினொரு மணிக்குக் கடைசி மாதிரி எடுக்க வேண்டும். பிளாஸ்கில் இருந்த வெந்நீரையெல்லாம் ஊற்றித் தீர்த்தாயிற்று.

கூடத்தில் அவளைப் பெற்ற அத்தா நூர் பாஷா வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். அதியமான்கோட்டை ரோட்டோரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். விடியற்காலையில் போய்விட்டார்.

வெறும் நூல் ஒரே நாளில் மருந்தைக் கொட்டிவிடும். மேலே மெல்லிய பூச்சு கொடுத்து, மிதமான சூட்டில் பதப்படுத்திய பிறகுதான் இது சீராக விடுகிறது. எட்டு மாத ஆராய்ச்சியில் சரியாக வந்த ஒரே நூல். அத்தாவுக்கு உடம்பு முடியவில்லை என்று மூன்று நாளுக்கு முன் தந்தி கிடைத்ததும் சேலம் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள்.

"என்னாட்டம் டிபி மாத்திரைய மறக்கறவனுக்கு நூல்ல மருந்தா? சீக்கிரம் முடி புள்ள" என்று முந்தாநாள்கூட அத்தா சிரித்தார்.

அவள் தீக்குச்சி உரசியதும் அத்தாவின் அக்கா, ஷரீபுன்னிசா குப்பி வந்துவிட்டாள்.

"மய்யத்து கெடக்கற வூட்ல அடுப்பு மூட்டுவாங்களாடி? சோறே பக்கத்து வூட்லருந்துதான் வருது. உனக்கு இப்ப டீ கேக்குதா?"

"டீ இல்லீங்க குப்பி. தண்ணி காயணும்."

"படிச்ச திமிரு."

குல்ஷன் குச்சியை ஊதி அணைத்தாள். சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள். அங்கே கல் கூட்டி, மய்யத்தைக் குளிப்பாட்ட அண்டாவில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. இலந்தை இலை இன்னும் போடவில்லை; வெறும் வெந்நீர்தான்.

குப்பி பின்னாலேயே வந்தாள். "அதுல கை வெக்காத! அது அவனுக்கு."

"இதும் அவருக்குத்தானுங்க."

குப்பி வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மா ரஹமத் பீவி வந்தாள். காலையிலிருந்து அத்தாவின் தலைமாட்டை விட்டு எழாதவள். சொம்பை எடுத்து அண்டாவில் முகந்தாள்.

"ஒரு சொம்புல அவருக்குக் கொறஞ்சிராதுக்கா."

சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, விரல்களால் கலக்கினாள். "பாரு குல்சு, போதுமா?"

முப்பத்தேழு.

"போதும்மா."

பதினொன்று ஆனதும் குல்ஷன் இடுக்கியால் நூலைத் தூக்கி, குழாய்த் திரவத்தைப் புட்டியில் ஊற்றி மூடினாள். புட்டியின் மேல் 'ஏழாம் நாள்' என்று எழுதினாள்.

"முடிஞ்சுதும்மா."

அம்மா தலையாட்டினாள். உடம்புச் சூட்டில் இருந்த சட்டித் தண்ணீருக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை.