நாலு மணிக் கடல்

திருப்பூர் ராயபுரத்தில் பக்கீர் முகமதுவின் பனியன் கம்பெனிக்குள் கடல் வந்தது தொண்ணூறாம் வருஷம், நூல் விலை ஏறிய அதே ஐப்பசியில். முழங்கால் அளவுதான் வந்தது. செக்கிங் அறையில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்கள். கீழே கிடந்த பண்டல்கள் நனைந்து, காய்ந்தபின் உப்புப் பூத்தன. சாயப்பட்டறைத் தண்ணீர் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். விரலை நாக்கில் வைத்துப் பார்த்த சின்னாத்தாள், "சாயமில்லீங்க, உப்புங்க" என்றாள். திருப்பூரிலிருந்து கடலைப் பார்க்க எந்தப் பக்கம் போனாலும் அரைநாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். அதற்காக, வந்ததை வரவில்லை என்று சொல்ல முடியாதே.

அது யோகம்மாவோடு வந்த கடல். மன்னார்ப் பக்கத்துப் பெண். அந்த ஆவணியில்தான் அகதி முகாமுக்கு வந்து, கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இடது கையை மடக்கித் தோளுக்கு மேல் உயர்த்தியே வைத்திருப்பாள், தோளில் தூங்கும் பிள்ளையின் முதுகைப் பிடித்திருப்பவள் மாதிரி. தூங்கும்போதும் அந்தக் கை இறங்காது. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பனியனை முழங்காலுக்கடியில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் பிசிறு வெட்டினாள்.

பிசிறு வெட்டுகிறவர்களுக்குக் கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். அதனால் முறை வைத்துக் கதை சொல்வார்கள். கேட்கிறவர்கள் "ம்" கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும் என்பது அந்த அறையின் சட்டம். ம் கொட்டுவதில் ராக்கம்மாளை மிஞ்ச ஆளில்லை. பிழைக்க வழியில்லாமல் விருதுநகர்ப் பக்கமிருந்து வந்தவள். மனசு வெல்லக்கட்டி, அடுத்தவர் கண் கலங்கினால் கரைந்துவிடும். வந்த வினையே அதில்தான் இருந்தது.

யோகம்மாவின் முறை வந்தபோது அவள் படகிலிருந்து தொடங்கினாள். "படகுக்காரன் இதுதான் இந்தியா, இறங்குங்கோ எண்டான். இறங்கினா மணல்திட்டு. சுத்திவரக் கடல்." வழி பார்த்து வருகிறேன் என்று தண்ணீரில் இறங்கிய புருஷன் திரும்பவில்லை. பிறகு கடல் ஏறத் தொடங்கியது. அவள் அதைச் சொன்னபோது செக்கிங் அறையிலும் ஏறியது. "வேண்டாங் கண்ணு, அதையெல்லாம் நெனைக்காதீங்க" என்றாள் சின்னாத்தாள். அந்நேரம் நாலு மணி டீயும் வந்தது. ராக்கம்மாள் ஒரு டம்ளரை எடுத்து யோகம்மாவின் வலது கையில் திணித்து, "குடி தாயி, அழாத" என்றாள். தண்ணீர் முழங்காலோடு நின்று, வேலை விடும் நேரத்தில் வடிந்தது. மறுநாளும் அதே கதை, அதே டீ, அதே முழங்கால்.

இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று. பக்கீர் முகமது ஹஜ்ரத்தை அழைத்து ஓதவைத்தார், சின்னாத்தாள் விபூதி கொண்டுவந்தாள், முகாமிலிருந்து பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். கடல் யாரையும் வேறாகப் பார்க்கவில்லை. ஏற்றுமதிச் சரக்கில் உப்பு பூத்துத் திரும்பி வந்த அன்று, பாவம், பக்கீர் முகமது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு கதைய விடோணும், இல்லாட்டி வேலைய விடோணும். தப்பா நெனைச்சுக்காதீங்கம்மா."

"நான் சொல்லேல்லை அண்ணை, அது தானா வருது" என்றாள் யோகம்மா. சனிக்கிழமையோடு நின்றுகொள்வதாகப் பேச்சாயிற்று.

அந்தச் சனிக்கிழமை, முழங்கால் தண்ணீரில் டீ டம்ளரோடு நடந்து வந்த ராக்கம்மாளுக்குத் திடீரென்று உறைத்தது. கதை எங்கே நின்றதோ அங்கேதான் தண்ணீரும் நின்றது. நிறுத்தியது கடல் இல்லை, அவளும் அவள் டீயும்தான். ஒன்றரை வருஷமாக ஒருத்தியை நடுக்கடலில் நிற்க வைத்திருக்கிறோமே! டீயைத் தண்ணீரில் கொட்டினாள். எதிரே உட்கார்ந்து, "ம். மேல சொல்லு தாயி" என்றாள்.

யோகம்மா சொன்னாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. பண்டல்கள் மிதந்தன. எழப்போன சின்னாத்தாளைப் பிடித்து உட்காரவைத்து, "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? ம் கொட்டுங்க" என்றாள் ராக்கம்மாள். சத்தம் கேட்டு வந்த பக்கீர் முகமது வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார். அவரும் "ம்" என்றார்.

கழுத்தளவில் யோகம்மாவின் குரல் சின்னதாயிற்று. "விடிய முதலே தோளிலை கிடந்த பிள்ளை குளிர்ந்து போனான். நான் இறக்கேல்லை. மீன்பிடிக்கிற ஆக்கள் வந்து ஏத்தினவை, அப்பவும் இறக்கேல்லை. கரையிலை ஆரோ வாங்கிப் புதைச்சவையாம். நான் குடுக்கேல்லை அக்கா."

ராக்கம்மாள் இரண்டு கைகளையும் நீட்டினாள். "எங்கிட்டக் குடு."

யோகம்மாவின் இடது கை இறங்கியது. ராக்கம்மாளின் கைகளில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கனம் வந்தது. ஒரு வயசுப் பிள்ளையின் கனம், ஈரமும் குளிருமாக. தண்ணீர் ஒரு பீஸைக்கூட இழுக்காமல் வாசல் வழியே வடிந்தது. பெயர் கேட்டார்கள். "கஜன்" என்று சொல்லி யோகம்மா அழத் தொடங்கினாள். இந்த முறை யாரும் அழாதே என்று சொல்லவில்லை.

பரணிலிருந்து குழந்தை பனியன் ஒன்றைச் சின்னாத்தாள் எடுத்தாள். "செகண்ட்ஸ் வேண்டாங்க, நல்ல பீஸா எடுங்க" என்றார் பக்கீர் முகமது. கனத்தை அதில் சுற்றி எடுத்துக்கொண்டு நொய்யல் ஆற்றங்கரை மயானத்துக்கு நடந்தார்கள். வழியில் கைமாற்றி வாங்கிய ஒவ்வொருவருக்கும் தோள் வலித்தது. குழி வெட்டியவன் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. மூடியபோது ஒரு பிள்ளையின் அளவுக்கு மண் மீந்தது. அதை மேலே குவித்தான்.

திங்கட்கிழமை யோகம்மா இரண்டு கையாலும் பிசிறு வெட்டினாள். அழுகை அவ்வளவு சீக்கிரம் நிற்கவில்லை. சேதி முகாமுக்குப் போய், அங்கிருந்தவர்கள் தங்கள் கதையைச் சொல்ல ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். சனிக்கிழமை சாயங்காலமே பண்டல்களைப் பரணில் ஏற்றிவைக்கும் வழக்கம் கம்பெனியில் அப்படி வந்ததுதான். டீ, கதை முடிந்த பிறகுதான்.