பதினோரு புகை

காலை பத்து மணிக்கு ராக்கையா பாறைமேல் ஏறி நின்று புகைகளை எண்ணினார். பதினொன்று. நேற்றும் பதினொன்று, முந்தாநாளும் பதினொன்று. பன்னிரண்டாவது புகை ஒன்று எங்கேயாவது கிளம்பாதா என்று கண் பூத்துப்போகப் பார்த்தார். கிளம்பினால்தானே!

ஐப்பசி மாதம், காயெடுப்பு மும்முரம். குரங்கணிக்கு மேலே அந்தச் சரிவில் மொத்தம் பதினோரு ஏலக்காய் ஸ்டோர்கள். பச்சைக்காயை உலர்த்துவதற்கு ராப்பகலாக அடுப்பெரியும். அதில் ஒரு ஸ்டோருக்கு ராக்கையா மேஸ்திரி. மலை பூராவும் மரங்கள் கூடாரம் போட்ட மாதிரி. உள்ளே ஒரு யானைக்கூட்டம் நின்றாலும் மேலிருந்து தெரியாது. திங்கட்கிழமை சாயங்காலம் மூடுபனிக்குள் இறங்கிய ஹார்வர்டு விமானத்தை அந்த மரங்கள் அப்படியே விழுங்கிவிட்டன.

விமானத்தில் இரண்டு பேர். ஓட்டியவர் கேல்கர். பின்சீட்டில் மெக்கானிக் சுருளிவேல், ராக்கையாவின் தங்கச்சி ஆயம்மாளுக்கு ஒரே பிள்ளை. அவனை விமானப்படையில் சேர்த்துவிட்ட பாவி ராக்கையாவேதான். சண்டைக் காலத்தில், பையன் இப்போது இருக்கிற அதே விமானப் பிரிவில், அதே ஸ்க்வாட்ரனில், பர்மா எல்லை வரைக்கும் போய் இன்ஜின் கழற்றி மாட்டியவர் அவர். அன்றைக்கு மீசை முளைக்காத பைலட்டாக இருந்த நம்பியார் இன்றைக்கு அதற்குத் தலைவர். ராக்கையா அவருக்கு ஒரு கடுதாசி போட்டார், பையனை எடுத்துக்கொண்டார்கள். போடி முழுக்கச் சொல்லிப் பெருமையடித்த வாய், மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர்கூட இறங்காமல் வறண்டு கிடந்தது.

நம்பியாரும் பாறையில்தான் நின்றார். மூன்று நாள் தாடி, கண்ணெல்லாம் சிவப்பு. தேடும் விமானம் இரண்டும் மலையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன.

"பதினொண்ணும் ஸ்டோர்தானா ராக்கையா? உறுதிதானா?"

"சார், இந்த மலையில எது யாரு புகைன்னு கண்ணைக் கட்டிட்டுச் சொல்லுவேன். இந்தா, இது எங்களுது. அது சோணை ஸ்டோரு. அந்தா மேக்க மூச்சு முட்டப் போகுதே, அது வெள்ளைத்துரை ஸ்டோரு. ஈர வெறகத் திணிச்சு வச்சிருக்கான், சோம்பேறிப் பய! அவன் காயெல்லாம் புகை நாத்தம் அடிக்கப் போகுது."

முதல் நாளே இப்படிப் பதினொன்றுக்கும் பேர் சொல்லி வரைபடத்தில் குறித்துக் கொடுத்திருந்தார். பைலட்டுகள் அந்த இடங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களைச் சல்லடை போட்டார்கள். பத்து மணிக்கும் நாலு மணிக்கும் பாறையில் நின்று எண்ணுவது, மிச்ச நேரமெல்லாம் காட்டுக்குள் பேர் சொல்லிக் கத்திக்கொண்டு அலைவது. இதுதான் ராக்கையாவின் சோலியாக இருந்தது.

பத்தும் நாலும் அந்த ஸ்க்வாட்ரனின் சட்டம். பர்மாவில் விழுந்த ஒரு பைலட், உதவி தேடி நடந்தான். தேடிப் போனவர்கள் மறுநாளே விமானத்தைக் கண்டுபிடித்தார்கள், அவனைக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு நாளில் தேடலை நிறுத்தச் சொன்னார் அப்போதைய வெள்ளைக்காரத் தலைவர். ஒரு மாதம் கழித்து ரெண்டு மைலுக்கு அப்பால் எலும்பாகக் கிடைத்தான். நம்பியார் தலைவரானதும் போட்ட முதல் உத்தரவே இதுதான்: விழுந்தவன் விமானத்தை விட்டு நகரக் கூடாது, பத்துக்கும் நாலுக்கும் புகை போட வேண்டும், தேடுகிறவன் கைவிடக் கூடாது. சுருளிவேல் ரயிலேறிய அன்றைக்கு ராக்கையாவும் இதை மூன்று தரம் சொல்லி அனுப்பினார்.

தேடலின் மூன்றாம் நாளான அன்று மத்தியானம் மேலிடத்துத் தந்தி வந்தது. சாயங்காலத்தோடு விமானங்கள் திரும்ப வேண்டும்.

நம்பியார் தந்தியைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கு நிறுத்தினவரை நான் மனசால மன்னிச்சதே இல்ல ராக்கையா. இன்னைக்கு நான் என்ன செய்யட்டும்?"

ராக்கையா சட்டென்று எழுந்தார். "சார், நாலு மணிக்கு மலையில ஒரு புகை இருக்கக் கூடாது. எல்லா அடுப்பையும் அணைக்கச் சொல்றேன். ஏதாச்சும் ஸ்டோர் புகையோட கலந்து போகுதோ என்னமோ. அணைச்சா எம்புள்ள புகை தனியாத் தெரியும்ல."

ஏலக்காய்க்காரன் கேட்கிற பேச்சா இது? பாதி உலர்ந்த காயில் சூடு நின்றால் பச்சை நிறம் செத்து வெளுத்துப் போகும், ஒரு வருசப் பாடு குப்பை. ஸ்டோர்க்காரர் சோணை வாய்க்கு வந்தபடி ஏசினார். ராக்கையா முதலாளியைக் கேட்காமல் தன் ஸ்டோர் அடுப்பில் தானே குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார். அதற்குள் ஆயம்மாள் மலையேறி வந்து சோணையின் ஸ்டோர் வாசலில் மண்ணில் விழுந்து கிடந்தாள். சோணை அவளைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், உள்ளே போய் நெருப்பை வாரி வெளியே கொட்டினார். அப்புறம் ஸ்டோருக்கு ஸ்டோர் ஆள் ஓடியது; தூரத்து மேற்கு ஸ்டோருக்கு மட்டும் பள்ளத்துக்கு இந்தப் பக்கமிருந்தே கூவிச் சொன்னார்கள்.

நாலு மணி. புகைகள் ஒவ்வொன்றாக மெலிந்து காணாமல் போயின. பத்தும் போய்விட்டது. புதிதாக எதுவும் கிளம்பவில்லை. மேற்கே அந்த ஒன்று மட்டும் அடர்த்தியாக எழும்பிக்கொண்டிருந்தது.

"வெள்ளைத்துரை! அட நாசமாப் போறவனே, ஒனக்கு மட்டும் தனிச் சட்டமா?" ராக்கையா தொண்டை கிழியக் கத்தினார்.

"என்னண்ணே, என்னை ஏன் வையிறீங்க?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. போடியிலிருந்து ஏறி வந்த பாதையில், தகரக்குழாய் ஏற்றிய கோவேறு கழுதையைப் பிடித்துக்கொண்டு வெள்ளைத்துரை நின்றான்.

"ஒன் ஸ்டோரப் பாருடா! எல்லாரும் அணைச்சாச்சு!"

வெள்ளைத்துரை பார்த்தான். "என் ஸ்டோரா? அடுப்புக் குழா வெடிச்சு ஒம்பது நாளாச்சுண்ணே. புதுக் குழாய்க்காகக் கீழயே காத்துக் கெடந்தேன். அங்க ஈ காக்கா கெடையாது. அந்தப் புகை ஸ்டோருக்கும் மேல, பாறைக் கரட்டுல இருந்துல்ல வருது."

ராக்கையா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். விமானம் விழுவதற்கு முன்னால் மலையில் பத்துப் புகைதான் இருந்திருக்கிறது. அதை அன்றைக்கு யார் எண்ணினார்கள்?

ஓடினார்கள். முள் கிழித்தது, அட்டை கடித்தது, ராக்கையாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. வெள்ளைத்துரையின் ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. அதைத் தாண்டிக் கரட்டில் ஏறினால் முறிந்த மரங்கள், அதற்கடியில் மூக்கு நசுங்கிய விமானம். பச்சைத்தழை போட்ட நெருப்பு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சுருளிவேல். இடது கையைப் பாராசூட் துணியால் மாரோடு கட்டியிருந்தான். மடியில் கேல்கரின் தலை. கேல்கரின் கண்களை யாரோ மூடிவிட்டிருந்தார்கள். வேறு யார், அவன்தான்.

"எஞ்சாமி!" என்று ராக்கையா கட்டிக்கொண்டார். உயிரோடு இருக்கிறான், உயிரோடு இருக்கிறான் என்று வாய் விட்டு அழுதார்.

"இவருக்கு வயித்துல அடி மாமா. எனக்குக் காலு நல்லாத்தான் இருக்கு. கீழ எறங்கினா ஒரு மணி நேரத்துல குரங்கணிப் பாதைக்கு வந்திருப்பேன். நகரக் கூடாதுன்னு சொன்னீங்கள்ல. பத்துக்கும் நாலுக்கும் தவறாமப் போட்டேன். எங்க மாமா மலையில இருக்காரு, ஒரு புகை கூடுனாலும் கண்டுபிடிச்சிருவாருன்னு இவருகிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தேன். இன்னைக்குக் காலையில வரைக்கும் நம்புனாரு. மேக மூட்டமா இருந்துச்சா மாமா? புகை தெரியலையா?"

நம்பியார் குனிந்து ராக்கையாவின் தோளைப் பிடித்தார். "ஆமா, மேகம்தான்" என்றார். அப்புறம் அவர் காதோரம், "ராக்கையா, சொல்ல வேண்டாம்."

ராக்கையா அந்தக் கையை எடுத்துவிட்டார்.

"தெரிஞ்சுதுப்பா. மொத நாள் பத்து மணிக்கே பாத்தேன். அஞ்சு தரம் பாத்தேன். வெள்ளைத்துரை ஸ்டோருன்னு நாந்தான் எழுதிக் குடுத்தேன். அதான் பிளேன்காரங்களும் இந்தப் பக்கம் வரல."

சுருளிவேல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை எழுப்பி விடுவதற்காக ராக்கையா கையை நீட்டினார். அவன் அதைப் பிடிக்கவில்லை. நல்ல கையால் தரையை ஊன்றி, கேல்கரின் தலையோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டான்.