மலை இடக்கைப் பக்கம்

எண்பத்தேழில், இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காகச் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்த வாரம் அது. சேலத்து டாக்டரிடம் காட்டிவிட்டு, ஆண்டாளும் அவள் புருஷன் ராஜாங்கமும் நெய்வேலியில் வேலை பார்க்கும் மகன் கொளஞ்சியப்பனும் சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கினார்கள். கள்ளக்குறிச்சிக்கு பஸ் இல்லை. வயல்வழியே நடந்தார்கள்.

ராஜாங்கம் கல்வராயன் மலையேறிக் கடுக்காய் வாங்கி வந்து விற்றவர். அதை விட்டபின் வீடே கதி. வைத்த சாமான் மறந்தது, வந்தவர் பேர் மறந்தது. அவர் தடுமாறும் முன்பே ஆண்டாள் எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

டாக்டர் அவளைக் காட்டி, "இவங்க பேர் என்ன?" என்று கேட்டிருந்தார்.

"எங்க வூட்ல."

"பேரு?"

ராஜாங்கம் தலையைக் குனிந்துகொண்டார். பெண்டாட்டியைப் பேர் சொல்கிற வழக்கம் அவர்கள் தெருவிலேயே கிடையாது. கூச்சமா, மறதியா? ஆண்டாளுக்கே தெரியவில்லை, வழியெல்லாம் அதுதான் அவளை அரித்தது.

"பிரஷர் மாத்திரையை விடாதீங்க. தினம் நடக்கட்டும், நாலு பேரோட பேசட்டும். மூளைக்கு வேலை இருந்தா நல்லது" என்று டாக்டர் அனுப்பிவைத்திருந்தார்.

"பொண்டாட்டி பேரே மறந்துட்டாரு. நெய்வேலிக்கு இட்டுக்கினு போயிடறேம்மா. ரூம்லயே வெச்சிப் பாத்துக்கலாம்" என்று நடந்துகொண்டே சொன்னான் கொளஞ்சி.

முன்னால் போன ராஜாங்கம் வரப்பில் இறங்கியதும் ஆளே மாறிப்போனார். வெள்ளிமலைச் சந்தையில் சாமைக்கஞ்சி குடித்தது, கழுதை மிரண்டு கடுக்காய் ஓடையில் கொட்டியது, மலையாட்கள் சிரித்த சிரிப்பு எல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தார். அந்த நாளில் மலையிலிருந்து இறங்கியதும் அவர் இப்படித்தான் வாயோயாமல் பேசுவார்.

வழி இரண்டாகப் பிரிந்தது. ராஜாங்கம் நின்றுவிட்டார்.

"அப்பா, அது..."

ஆண்டாள் மகன் கையை அழுத்திப் பிடித்தாள். அவளுக்கும் வாய் துறுதுறுத்தது. பேசாமல் நின்றாள்.

அவர் ஒரு வழியில் சற்றுப் போனார். நின்றார். திரும்பிப் பார்த்தார்.

"மலை இடக்கைப் பக்கம்ல வரணும். இன்னா, வாயில கொழுக்கட்டையா ரெண்டு பேருக்கும்? சொல்லக்கூடாதா?"

"உங்களுக்குத் தெரியாதான்னுதான்" என்றாள் ஆண்டாள்.

சிரித்தபடி மற்ற வழியில் நடந்தார்.

"அம்மா, நெய்வேலிக்கு..."

"அங்க மலை தெரியுமாடா?" என்று கேட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் வரப்பில் இறங்கினாள்.