சன்னிவேலில் நூவா குடியிருந்த காலம்

1994-இல், மனிதர்களைப் படைத்த நூவா, கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் எல் கமீனோ ரியல் சாலைக்குப் பின்புறமிருந்த அப்பார்ட்மெண்டில் கீழ்வீட்டுக்குக் குடிவந்தாள். இடுப்புக்கு மேலே நடுத்தர வயதுச் சீனப் பெண், கீழே பாம்பு. ஆதியில் மஞ்சள் மண்ணைப் பிசைந்து மனிதரை உண்டாக்கியவள் அவள்தான் என்பது அங்கிருந்த சீனக் குடும்பங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். நாய் வளர்க்கக் கூடாது என்றுதான் வளாகத்தில் விதி. வாலைப் பற்றி ஒன்றும் இல்லையென்று மேனேஜர் விட்டுவிட்டார். வெயிலுக்கு அவள் பார்க்கிங்கில் வாலை நீட்டிப் போட்டிருப்பாள். கம்பெனி ஷட்டிலில் வந்திறங்கும் எஞ்சினியர்கள் தாண்டிப் போவார்கள்.

மேல்வீட்டு ஜெயசெல்வி மட்டும் சுற்றிப் போனாள். நாகர்கோவில் கத்தோலிக்கப் பெண். மாதா சிலையின் காலடியில் பாம்பு நசுங்கிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள். முந்தைய வருடம்தான் அவளுடைய கைக்குழந்தை கிறிஸ்டோ காய்ச்சலில் இறந்திருந்தான். கணவன் மரிய அந்தோணி தொட்டிலைக் கழற்றி உள்ளே வைத்ததோடு சரி, அதன்பின் ஃப்ரீவே நெரிசலைத் தவிர எதையும் பேசுவதில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் துணி துவைக்கும் அறையில் ஜெயசெல்வியும் நூவாவும் தனியாக இருந்தார்கள். ஜெயசெல்வி வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"ஆன்ட்டி, என் கிறிஸ்டோவ திரும்பச் செஞ்சு தருவீங்களா?"

நூவா நாகர்கோவில் தமிழிலேயே பதில் சொன்னாள். தான் செய்தவர்களின் பாஷை அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

"ஒரே ஆள ரெண்டு தடவ செஞ்சதில்ல மக்கா. வேணும்னா வேற ஒண்ணு செய்யலாம். அவன மறக்கதுக்காகன்னா வேண்டாம்."

ஜெயசெல்வி ஈரத்துணியை அப்படியே விட்டுவிட்டு மேலே போனாள். பல வாரங்கள் கீழ்வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நடந்ததைக் கணவனிடம் ஒரே ஒருமுறை, கோபமாகச் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை அவன் வீடு திரும்பியபோது பேண்ட் முழங்கால்வரை மஞ்சள் சேறு. ஃப்ரீவே ஓரத்தில் கட்டடத்துக்குத் தோண்டிய குழியிலிருந்து மண் எடுத்து வந்து நூவாவின் வாசலில் இறக்கியிருந்தான்.

"எனக்கும் அவன் புள்ளதான், செல்வி" என்றான். இருவரும் அப்போதுதான் சேர்ந்து அழுதார்கள்.

நூவா பிசைந்தாள், ஜெயசெல்வி காதுகளைச் செய்தாள், விரல்களை மரிய அந்தோணி உருட்டினான். பாதம் தரையில் பட்டதும் குழந்தை வீறிட்டது. பெண். ஜோவானா என்று பெயர் வைத்தார்கள்.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தபின் ஜெயசெல்விக்குப் பயம் வந்தது. தண்ணீர் பட்டுக் கரைந்துவிட்டால்? நூவாவிடம் போய் நின்றாள்.

"எல்லாருமே மண்ணுதான். குளிக்காமலா இருக்காங்க?" என்றாள் நூவா.

மனிதன் எதனால் ஆனவன் என்பதில் திருச்சபைக்கும் வேறு கருத்து இல்லை என்றார் பாதிரியார். தண்ணீர் ஊற்றியபோது நெற்றியிலிருந்து மஞ்சளாய் ஒரு கோடு வழிந்தது. ஜெயசெல்வி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை தும்மியது. அவ்வளவுதான்.

2001-இல் ஹூஸ்டன் பக்கம் வானம் ஒழுகுவதாகக் கேள்விப்பட்டு, ஆதியில் ஒருமுறை செய்ததுபோல அதை அடைப்பதற்கு ஐந்து நிறக் கற்களோடு நூவா கிளம்பிப் போனாள். ஜோவானா அதற்குள் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது விசாரித்தால் மரிய அந்தோணி இரண்டு என்பான்: மூத்தவன் தவறிவிட்டான், இளையவள் மண்ணில் செய்தது. கேட்டவர்கள் மூத்தவனுக்காக வருத்தப்படுவார்கள். பிறகு, இளையவள் எந்த ஸ்கூல் என்று கேட்பார்கள்.