செல்லம் கூட்டிக்கொண்டுதான் இருந்தாள்

1

இந்தக் கதையை நான் கேட்டுத்தான் எழுதுகிறேன். குளுவாங்கில் நான் படிக்கும் மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் ஐயாசாமி அண்ணன், வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னது இது. அவருக்கு ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் தேநீர் கொடுக்கும் வேலை. கதை நடந்த பள்ளிக்கூடத்தில் அவரும் இருந்தார். ஆனால் கதை உச்சத்துக்குப் போன நேரத்தில் அவரை இளநீர் கொண்டுவர அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே அவர் வேறு தோட்டத்து ஆபீசுக்கு மாறியும் போய்விட்டார். ஆகையால் முடிவு அவருக்குத் தெரியாது. முடிவு தெரியாத கதையை எழுத உட்கார்ந்திருக்கும் என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

தொடக்கம் மூன்று முறை மாறியது.

"கார்மேகம் லாபிஸ் மலைகளைத் தழுவி நின்ற அந்த இனிய—"

(நிறுத்திவிட்டேன். இந்தக் கதையில் மேகத்துக்கு வேலையில்லை. வாத்தியாருக்குப் பிடிக்கும் என்று வைத்தேன்.)

"செல்லம் என்றோர் உத்தமி—"

(இதுவும் வேண்டாம். உத்தமிகள் பிள்ளைகளின் மூக்கைப் பிடித்து அமுக்கமாட்டார்கள்.)

"செல்லம் பிள்ளைகளின் மூக்கைப் பிடிப்பவள்."

இது நிற்கட்டும்.

2

செல்லம் பிள்ளைகளின் மூக்கைப் பிடிப்பவள். மூக்கைப் பிடித்தால் வாய் திறக்கும்; வாய் திறந்தால் கரண்டி உள்ளே போகும். தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு மாதம் ஒருமுறை வரும் நர்ஸ் டொரத்திக்கு இவள்தான் கை. நர்ஸை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் அழைப்பார்கள். பத்து பாகாட் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். வெள்ளைக் கவுன், வெள்ளைச் சப்பாத்து. மருந்தை அளப்பதும் எத்தனை பேர் என்று எழுதுவதும் மிஸ்ஸியின் வேலை. பிள்ளையைப் பிடிப்பது, ஊற்றுவது, கடிபடுவது எல்லாம் செல்லத்தின் வேலை.

"தொறடி வாயை! காக்கா வந்து கொத்தினாத்தான் தொறப்பியா?" என்பாள். பிள்ளை சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குள் கரண்டி போய்விடும்.

இதற்கு முன் அவள் ரப்பர் காட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, கங்காணியிடம் வசவு வாங்கிய உடம்பு. பள்ளிக்கூடத்தில் கூரை இருந்தது. பிள்ளைகள் கடிப்பது உண்மைதான், ஆனால் அட்டையைப் போல ஒட்டிக்கொள்வதில்லை. இந்த வேலை போனால் மறுபடியும் புல்தான்.

(இவளை நான் நல்லவளாக எழுதுகிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. இவள் சில பிள்ளைகளுக்கு அரைக் கரண்டி ஊற்றி மீதியைச் சுவரோரம் கொட்டியதுண்டு என்று ஐயாசாமி அண்ணன் சொன்னார். கேட்டால் "சுவருக்கும் பூச்சி இருக்கும்லா" என்பாளாம். எழுதிவிட்டேன்.)

3

அந்த ஆண்டு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: சர்ட்டிபிகேட் இல்லாத எவரும் பள்ளிப் பிள்ளையைச் சிகிச்சைக்காகத் தொடக்கூடாது. மீறினால் வேலை போய்விடும். அந்த உத்தரவு நடக்கிறதா என்று பார்க்கப் பெரிய டாக்டர் துரை நேரில் வருவார்.

தோட்டத்து ஆபீசை நடத்தும் கிராணி கிரகோரி அதைப் பலமுறை படித்தார். பிறகு செல்லத்தைக் கூப்பிட்டு ஒரு புது விளக்குமாற்றைக் கையில் கொடுத்தார்.

"இனிமே நீ கூட்டுறவ. தெரிஞ்சுதா?"

"அப்போ மருந்து யாரு ஊத்துறது கிராணி ஐயா?"

"நீதான்."

"கூட்டுறவ எப்படி மருந்து ஊத்துவா?"

"ஏம்மா, கூட்டுறவளுக்குச் சர்ட்டிபிகேட் வேணும்னு உத்தரவுல எங்கயாச்சும் போட்டிருக்கா? துரை வர்ற அன்னிக்கு மட்டும் நீ கூட்டு. மத்த நாள்ல வேலையப் பாரு."

"எதைக் கூட்டுறது? குப்பையே இல்லியே."

"குப்பைய நான் அனுப்புறேன்" என்றார் கிராணி.

(நையாண்டிக்காக நான் சேர்த்தது என்று நினைப்பீர்கள். துரை வரும் நாளன்று காலையில் இரண்டு கூடைக் காய்ந்த ரப்பர் இலை பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. கொண்டுபோய்க் கொட்டியவர் ஐயாசாமி அண்ணன்தான்.)

4

துரை வருவதற்கு முந்தின நாள் காலை, வெறும் வயிற்றில், குடல்பூச்சிக்கு மருந்து.

இந்த மருந்தைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடப்பது புரியாது. மிஸ்ஸி ஒவ்வொரு முறையும் போத்தலைத் திறக்குமுன் சொல்வாள்: "செல்லம், ஒரு பிள்ளைக்கு ஒரு கரண்டி. மறுபடி மூணு மாசம் கழிச்சுத்தான். மேல ரெண்டாவது ஊத்தினா பிள்ளை நம்ம கையில நிக்காது." வேறொரு தோட்டத்தில் ஒரு பையனுக்கு அப்படி ஊற்றிவிட்டார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். காது போய்விட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இப்போதும் திரும்பமாட்டான்.

அதனால் மருந்து குடித்த பிள்ளையின் நெற்றியில் மிஸ்ஸி ஊதா மருந்தால் ஒரு பொட்டு வைப்பாள். பதினொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் முகம் அவளுக்கு எப்படி நினைவிருக்கும்? அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, பொட்டை மட்டும் பார்ப்பாள். அன்று எல்லாருக்கும் கொடுத்து முடிப்பதற்குள் மிஸ்ஸியை அடுத்த தோட்டத்துக்கு ஏற்றிப்போக லாரி வந்துவிட்டது. மீதிப் பிள்ளைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டாள்.

அன்று கடைசியாகக் குடித்தவள் காளியம்மா, இரண்டாம் வகுப்பு. குடிக்குமுன் செல்லத்தின் ஆட்காட்டி விரலைக் கடித்தாள். நன்றாகவே கடித்தாள்.

அன்று மாலை, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, மருந்து குடிக்காத பிள்ளைகள் செண்டுடோக் புதருக்குப் போய், வாயை ஊதாவாக்கும் அந்தப் பழத்தைத் தின்று, மிச்சத்தை நசுக்கித் தங்கள் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டார்கள். இன்னொன்று, காளியம்மாவின் தாய் கிருஷ்ணம்மா மகளைத் தலைமுழுக வைத்தாள். "நாளைக்குத் துரை வர்றாரு, நெத்தியில என்னடி இது இழவு கலரு!" என்று சீயக்காய் போட்டுத் தேய்த்து, மறுநாள் காலை அந்த இடத்தில் லட்சணமாகக் குங்குமம் வைத்து அனுப்பினாள்.

எந்தத் தாயும் செய்வதுதான்.

5

துரை வந்தார். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். "துரை முன்னால குட் மார்னிங் சார் தவிர ஒரு சொல்லு வரக்கூடாது" என்று கிராணி பயமுறுத்தி வைத்திருந்தார். மூலையில் செல்லம் ரப்பர் இலையைக் கூட்டினாள். கூட்டிய இலையைக் காலால் கலைத்துவிட்டு மறுபடியும் கூட்டினாள்.

வரிசை முழுக்க ஊதாப் பொட்டு. துரைக்குப் பூரிப்பு. ஒரு பையனை நாக்கை நீட்டச் சொன்னார். அதுவும் ஊதா.

"பாகுஸ், பாகுஸ்!" என்று மலாயில் பாராட்டினார். நாக்கு வரைக்கும் மருந்து போட்டிருக்கிறார்களே!

டொரத்திக்கு முகம் வெளுத்தது. நேற்று மருந்து குடிக்காதவர்கள் பலர் இருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். யார் யார் என்றுதான் தெரியாது. பேசாமல் பாராட்டை வாங்கிக்கொண்டாள். (குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. நானும் பார்த்து எழுதிய கட்டுரைக்குப் பாராட்டு வாங்கியிருக்கிறேன்.)

துரை வரிசையின் கடைசிக்கு வந்து நின்றார். அங்கே ஒரே ஒரு சிவப்புப் பொட்டு.

"இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏன் இல்லன்னு துரை கேக்குறாரு" என்றார் கிராணி.

"விட்டுப்போயிருக்கும். இப்பவே கொடுத்துடறேன்" என்றாள் டொரத்தி. போத்தல் திறந்தது. துரை பக்கத்தில் வந்து நின்றார். எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க அவருக்கு ஆசை.

செல்லத்தின் விளக்குமாறு நின்றது. காளியம்மாவின் பல் பதிந்த விரல் விளக்குமாற்றுப் பிடியின்மேல் இருந்தது. பேசினால், சர்ட்டிபிகேட் இல்லாதவள் மருந்து ஊற்றினாள் என்று துரைக்குத் தெரிந்துவிடும். பேசாவிட்டால்—

"மிஸ்ஸி" என்றாள் செல்லம் மெதுவாக.

"நீ கூட்டும்மா!" என்றார் கிராணி.

கரண்டி காளியம்மாவின் வாய்க்கு முன்னால் வந்தது. பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு செல்லத்தைப் பார்த்தாள். கண்ணில் நீர். சொல்ல அனுமதிக்கப்பட்டதைச் சொன்னாள்: "குட் மார்னிங் சார்."

அப்போதுதான் கிராணி திரும்பி, "ஐயாசாமி! துரைக்கு இளநீ எங்கடா?" என்றார்.

ஐயாசாமி அண்ணன் போய்விட்டார்.

6

இனி என் கையில்.

முதல் முடிவு: செல்லம் ஓடிவந்து உண்மையைச் சொல்கிறாள். துரை மனம் உருகி, அங்கேயே அவளுக்குச் சர்ட்டிபிகேட்—

(எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தள்ளுபடி.)

இரண்டாம் முடிவு: செல்லம் மறுபடி கூட்டுகிறாள். சரசரவென்று இலைச் சத்தம். அந்தச் சத்தத்தில் கரண்டி—

(என்னால் முடியவில்லை. நீங்கள் எழுதுவதானால் தடுக்கமாட்டேன்.)

மூன்றாம் முடிவு: விளக்குமாறு எப்படியோ நழுவிக் கரண்டியைத் தட்டிவிடுகிறது. பிள்ளையைத் தொட்டது செல்லம் அல்லவே, தட்டியது விளக்குமாறு. விளக்குமாற்றுக்குச் சர்ட்டிபிகேட் வேண்டும் என்று எந்த உத்தரவிலும் இல்லை.

இதற்கு ஆதாரம் உண்டு. ஐயாசாமி அண்ணன் திரும்பி வந்தபோது விளக்குமாறு தரையில் கிடந்தது. தரை ஈரமாக இருந்தது.

"மருந்து வாசனை அடிச்சுதாண்ணே?" என்று கேட்டேன்.

"அலமாக், அந்த வெளக்கமாறு தடுக்கித்தானே தம்பி நான் விழுந்தேன். ரெண்டு இளநீயும் அங்கயே கொட்டிப்போச்சு. அப்புறம் எது எந்த ஈரம்னு யாருக்குத் தெரியும்?"

ஆதாரமும் போயிற்று.

7

கடைசியில் அந்தத் தோட்டத்துக்கே போனேன். (கதை எழுதுகிறவன் போகலாமா என்று தெரியவில்லை. போய்விட்டேன்.) செல்லம் பள்ளிக்கூட வாசலில் விளக்குமாற்றோடு இருந்தாள். வேலை போகவில்லை. எந்த வேலை போகவில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை.

"அக்கா, அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

அவள் ஆபீஸ் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "நான் கூட்டிக்கிட்டிருந்தேன் தம்பி."

"வெளக்கமாறு கீழ விழுந்துச்சாமே?"

"வெளக்கமாறுன்னா விழும்லா."

"மருந்து?"

"கூட்டுறவளுக்கு மருந்தப் பத்தி என்ன தெரியும்?"

அவள் விரலைப் பார்த்தேன். கடிபட்ட காயம் ஆறிவிட்டிருந்தது.

"காளியம்மா எங்கக்கா?"

செல்லம் தாடையால் காட்டினாள். மைதானத்தின் கடைசியில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு சிறுமி தனியாகக் குந்தி ரப்பர் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். இரட்டைப் பின்னல். நெற்றி தெரியவில்லை.

"என்னைக் கேக்காதீங்க. அவளைக் கூப்பிட்டுப் பாருங்க" என்றாள் செல்லம். சொல்லிவிட்டு, கூட்டுவதை நிறுத்தினாள்.

நான் கூப்பிட்டபோது காளியம்மா திரும்பினாளா என்று எழுதிவிட்டால், மேலே உள்ள முடிவுகளில் எது நிற்கும் என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் பேனாவை மூடிவிட்டேன்.

பெயர் உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஒருமுறை கூப்பிடுங்கள். கொஞ்சம் சத்தமாகவே கூப்பிடுங்கள்.