வட்டம் போட்ட வரி

1.
முல்லைத்தீவு பஸ் ஒன்று வற்றாப்பளைச் சந்தியில் பழுதாகி நின்றபோது எனக்குக் கிடைத்த கதை இது. பக்கத்துச் சீற்றில் இருந்தவர் கணித ஆசிரியை றஞ்சனி. "கதை எழுதிறனீங்களோ? அப்ப என்ர பிழையை எழுதுங்கோ அண்ணை" என்றார். மீன் விலை சொல்லுகிற குரலில் சொல்லியும் முடித்தார். எனக்கு மெய் சிலிர்த்துப் போயிற்று. மாதக்கணக்காய் எழுதிப் பார்க்கிறேன், அந்தக் குரல் மட்டும் வசப்பட மாட்டேன் என்கிறது.

2.
தொடக்கம்: றஞ்சனி சின்ன வயதிலிருந்தே ஆசிரியையாக வரக் கனவு கண்டார். [பொய். வங்கி வேலைக்குத்தான் ஆசைப்பட்டவர்.]

வேறு தொடக்கம்: கரையில் கிழிந்த வலையைத் தைத்துப் பொத்திக்கொண்டிருந்த தகப்பன் மரியநாயகம், "பிள்ளை, கிழிஞ்ச இடத்தை மறைக்கக்கூடாது" என்று... [பிறகொருநாள் சந்தித்து வாசித்துக் காட்டினேன். றஞ்சனி விழுந்து விழுந்து சிரித்தார். "அப்பா வலை பொத்தேக்க வாயில வாறதை உங்கட கதையில போடேலாது."]

உண்மை இதுதான். படிக்கிற காலத்தில் ஒருநாள் பலகையில் றஞ்சனி செய்த கணக்குப் பிழைத்தது. "பிழை, போய் இரு" என்று வாத்தியார் ஒரே இழுப்பில் அழித்துவிட்டார்.

"எங்க பிழைச்சனான் எண்டு இண்டைக்கும் தெரியாது அண்ணை. அந்த விசர்க் கோவத்திலதான் படிப்பிக்க வந்தனான்."

அழிந்துபோன ஒரு வரிக்காக ஒரு மனுசி தன் வாழ்க்கையையே... [இந்த வசனத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை.]

3.
ஆகவே அவருடைய வகுப்பில் ஒரு சட்டம். பிழைத்த வரியை உடனே அழிக்கக்கூடாது, வட்டம் போடவேண்டும். எங்கே பிழைத்தது என்று வகுப்புக் கண்டுபிடித்த பிறகு, எழுதியவரே அழிக்கலாம். சிரிக்கிற ஆளுக்கு அடுத்த கணக்கு.*

* நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தேன். பலகை முழுக்க வட்டங்கள், பலகைக்குப் போக முண்டியடித்து அடிபடுகிற பிள்ளைகள். நான் படித்த லட்சணத்தை நினைத்து வாய் பிளந்து நின்றேன்.

4.
றஞ்சனி தொண்டர் ஆசிரியை. வருடக்கணக்காய் நிரந்தர நியமனத்துக்குக் காத்திருந்தவர். ஒருநாள் அவர் படிப்பிப்பதைப் பார்த்துப் புள்ளி போட ஓர் அதிகாரி வந்து பின்வரிசை வாங்கில் இருந்தார். நியமனம் அந்தப் புள்ளியில் தொங்கியது. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும்.

றஞ்சனி பலகையில் எழுதினார்:

−3(x − 4) = −3x − 12

பிழை. கடைசியில் +12 வரவேண்டும். பதற்றத்தில் கை வழுக்கிவிட்டது.

அதிகாரி குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். றஞ்சனி திரும்பினார். வழக்கமாய் "ரீச்சர், வட்டம்" என்று கத்துகிற வகுப்பு மூச்சுக் காட்டவில்லை. எல்லோரும் அந்தப் பிழையை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். முன்வாங்கில் லக்சிகா மட்டும் நிமிர்ந்து, கண்ணாலேயே டஸ்ரரைக் காட்டினாள். அழியுங்கோ ரீச்சர்.

எவ்வளவு பாசம் இருந்தால் ஒரு வகுப்பே சேர்ந்து தெரிந்துகொண்டு பிழை எழுதும்? அவர் படிப்பித்ததை அவருக்காகவே விட்டுக்கொடுத்தார்கள்.

5.
முடிவு ஒன்று: அழித்தார். நியமனம் வந்தது. [எழுதியதை என்னாலேயே வாசிக்க முடியவில்லை.]

முடிவு இரண்டு: அதிகாரி எழுந்து கைதட்டி... ["அந்த அதிகாரி சேரை வானத்துச் சம்மனசு ஆக்காதேங்கோ அண்ணை" என்றார் றஞ்சனி.]

நடந்தது: றஞ்சனி டஸ்ரரை மேசையில் வைத்தார். தன் வரியைச் சுற்றி வெண்கட்டியால் வட்டம் போட்டார்.

"இது என்ர பிழை. ஆர் காட்டித் தருவீங்கள்?"

ஒரு கையும் எழவில்லை. அதிகாரி நிமிர்ந்துவிட்டார்.

"லக்சிகா, வாங்கோ பிள்ளை."

லக்சிகா அழுதுகொண்டே வந்து 12க்கு முன்னால் இருந்த கழித்தல் குறியைத் தொட்டாள். "இதில ரீச்சர். சயவும் சயவும் பெருக்கினாச் சக வரவேணும்."

"நன்றி" என்று சொல்லிவிட்டு றஞ்சனி தன் வரியைத் தானே அழித்தார். அதிகாரி மறுபடி குனிந்து எழுதினார். என்ன எழுதினார் என்று ஒருவருக்கும் தெரியாது.

6.
நியமனம் இன்னும் வரவில்லை. அன்று பஸ் ஒருவழியாய் இரைந்து கிளம்பியபோதே நான் கேட்டேன், "வராட்டி?"

"வராட்டி என்ன அண்ணை, இந்தமுறை எங்க பிழைச்சது எண்டு எனக்குத் தெரியும்தானே."

இதற்குமேல் முடிவு எழுத என்னால் ஆகாது. வெண்கட்டி இந்தாருங்கள், நீங்கள் எழுதுங்கள். டஸ்ரர் மட்டும் தரமாட்டேன்.